தம்பி மீது திருட்டு வழக்கு: எத்தனை வருடம் என்று கேட்பதற்கு முன் எந்தப் பிரிவு என்று கேளுங்கள்

கேள்வி இது: புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்யும் 22 வயதுத் தம்பியை, காசு லாச்சியிலிருந்து 85,000 ரூபா எடுத்தான் என்று சொல்லிப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. அதற்கு முதல் முதலாளி அவனிடம் ஒரு கடிதமும் எழுதி வாங்கியிருக்கிறார். காசைக் கட்டினால் விடுவார்களா? இல்லாவிட்டால் எத்தனை வருடம்? அவன் வெளிநாட்டு வேலைக்குப் போக இருந்தவன்.

85,000 என்ற தொகையை வைத்து வருடத்தைக் கணக்கிட முடியாது. ஆங்கிலத் தொடர்களில் பார்க்கிற "லார்சனி" (திருட்டு) வழக்குகளில் தொகைக்கு ஒரு கோடு உண்டு. நியூயோர்க்கில் 1,000 டொலரைத் தாண்டினால் அது பெருந்திருட்டு, தாண்டாவிட்டால் சிறுதிருட்டு. எங்கள் சட்டம் அந்த வழியில் வரவில்லை. 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக் கோவை இந்தியக் கோவையை ஒட்டி எழுதப்பட்டது. எங்கே எடுத்தார், யாருடையதை எடுத்தார், எடுத்தவருக்கும் உடைமைக்காரருக்கும் என்ன உறவு, எடுக்கும்போது யாரையாவது அடித்தாரா, மிரட்டினாரா என்பவற்றைத்தான் அது முதலில் பார்க்கிறது. அதே 85,000 ரூபாவுக்கு ஒருவர் 3 வருட உச்சவரம்புள்ள பிரிவில் நிற்கலாம், இன்னொருவர் 20 வருட உச்சவரம்புள்ள சட்டத்தில் நிற்கலாம். அதனால் பொலிஸ் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ நீங்கள் முதலில் அறியவேண்டியது பிரிவு இலக்கத்தை.

திருட்டு என்றால் என்ன என்பதை 366ஆம் பிரிவு சொல்கிறது. அசையும் பொருளாக இருக்கவேண்டும். அது இன்னொருவரின் வசத்தில் இருக்கவேண்டும். அவருடைய சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு, எடுப்பதற்காக அதை நகர்த்தியிருக்கவேண்டும். பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டியதில்லை, நகர்த்தியதே போதும். "பிறகு திருப்பி வைக்கத்தான் எடுத்தேன்" என்பதும் தானாகவே விடுதலை தராது. சட்டம் பார்ப்பது யாருடைய வசத்தில் இருந்தது என்பதை என்பதால், அடகு வைத்த தன் சொந்தச் சங்கிலியையே காசு கட்டாமல் அடகுக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாலும் திருட்டுத்தான். மறுபக்கம், தனக்கு உரிமை உண்டு என்று உண்மையாகவே நம்பி எடுத்தவரிடம் நேர்மையற்ற எண்ணம் இல்லை. உங்கள் தம்பிக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி இருந்திருந்தால், அதைச் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லுங்கள். அது தனியே காப்பாற்றும் என்று இல்லை. ஆனால் சாட்சி விசாரணை முடிந்த பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இனிப் பிரிவுகள். சாதாரணத் திருட்டுக்கு 367: 3 வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். குடியிருக்கும் வீட்டில், அல்லது பொருட்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்தில் நடந்த திருட்டுக்கு 369: 7 வருடம் வரை. சுப்பர்மார்க்கெட்டில் ஒரு பால்மாப் பெட்டியை எடுத்தவருக்கும் இந்தப் பிரிவைப் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. வேலைக்காரர் அல்லது எழுதுவினைஞர் தன் எசமானின் வசத்தில் உள்ளதைத் திருடினால் 370: அதுவும் 7 வருடம் வரை. உங்கள் தம்பியைப் பற்றிப் பொலிஸ் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் பி அறிக்கையில் பெரும்பாலும் இந்த 370தான் இருக்கும்.

ஆனால் இன்னொன்றும் இருக்கலாம். லாச்சியிலுள்ள காசு முதலாளியின் வசத்தில் இருந்தது, இவன் கைவைத்தான் என்றால் அது திருட்டு. நாளாந்தச் சேகரிப்பை இவனிடம் நம்பி ஒப்படைத்து, வங்கியில் வைப்பிலிடச் சொல்லி அனுப்பி, அதில் அவன் எடுத்தான் என்றால் அது குற்றவியல் நம்பிக்கை மோசடி. ஊழியர் செய்தால் 391, உச்சவரம்பு அதே 7 வருடம். எண்ணிக்கை ஒன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள். 391இல் "ஒப்படைத்தது" என்பதை முறைப்பாட்டுத் தரப்பு நிரூபிக்கவேண்டும்: எந்தத் திகதி, எவ்வளவு, யார் கொடுத்தது, எந்தப் பற்றுச்சீட்டு. கணக்கு ஒழுங்காக வைக்காத கடைகளில் வழக்கு அடிக்கடி ஆட்டம் காணும் இடம் இது. பிரிவு மாறினால் நிரூபிக்கவேண்டிய விடயமும் மாறுகிறது, எதிர்வாதமும் மாறுகிறது.

திருட்டோடு காயமோ, காயப் பயமோ, தடுத்து வைத்தலோ சேர்ந்தால் அது கொள்ளை. 380இன் கீழ் 10 வருடம் வரை கடூழியச் சிறை, சூரியன் மறைந்து மீண்டும் உதிப்பதற்கு இடையில் நடந்தால் 14 வரை. வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் சங்கிலி அறுப்பவர்களைப் பிடித்தால் "சின்னத் திருட்டு" என்று சொல்லித் தப்பமுடியாதது இதனால்தான். வீதியில் கண்டெடுத்த பொருளை, உடையவரைத் தேடாமல் தனதாக்கிக்கொள்வது 386, நேர்மையற்ற கையாடல், 2 வருடம் வரை.

எல்லாவற்றிலும் கடுமையானது தண்டனைச் சட்டக் கோவைக்கு வெளியே இருக்கிறது: 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க, பொதுச் சொத்துக்களுக்கு எதிரான குற்றங்கள் பற்றிய சட்டம். அரச திணைக்களம், நியதிச்சபை, கூட்டுத்தாபனம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் சொத்து என்றால் இது வரும். குறைந்தது 1 வருடம், கூடியது 20 வருடம் சிறை. அதோடு 1,000 ரூபா அல்லது சொத்தின் பெறுமதியின் 3 மடங்கு, எது கூடவோ அது தண்டம். பெறுமதி 25,000 ரூபாவுக்கு மேல் என்று உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் சான்றளித்தால், வழக்கு முடியும்வரை விளக்கமறியல் என்பதே அந்தச் சட்டத்தின் விதி. விதிவிலக்கான காரணம் காட்டினால்தான் நீதவான் பிணை தரலாம். துறைமுகத்திலும் அரச ஆஸ்பத்திரியிலும் கூட்டுறவுக் கடையிலும் வேலை செய்யும் பிள்ளைகள் தெரிந்திருக்கவேண்டிய சட்டம் இது. உங்கள் தம்பியின் கடை தனியாருடையது, ஆகவே இது அவனைத் தொடாது.

"அப்படியென்றால் 7 வருடமா?" என்று பதற வேண்டாம். சட்டக் கோவையில் உள்ளது உச்சவரம்பு. வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் நடந்தால் அந்த நீதிமன்றத்துக்கே ஒரு வரம்பு உண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 14ஆம் பிரிவுப்படி, வேறு சட்டம் விசேடமாக அதிகாரம் தராத இடத்தில் நீதவான் ஒரு குற்றத்துக்கு விதிக்கக்கூடிய சிறை 2 வருடம் வரைதான். மேல் நீதிமன்றத்துக்குப் போகும் வழக்குகள் சட்டமா அதிபரின் குற்றப்பத்திரத்தோடு போகின்றன, அங்கே இந்த வரம்பு இல்லை. ஆகவே இரண்டாவது கேள்வி: எந்த நீதிமன்றம்? ஒரே குற்றச்சாட்டா, திகதிவாரியாகப் பல குற்றச்சாட்டுகளா என்பதையும் பாருங்கள். மூன்று மாதமாகச் சிறிது சிறிதாக எடுத்தான் என்று ஒவ்வொரு நாளையும் தனிக் குற்றச்சாட்டாகப் போட்டால், தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஆபத்து இருக்கிறது.

இப்போது உடனே செய்யவேண்டியவை. பிடியாணை இல்லாமல் கைதுசெய்தவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்லவேண்டும் என்பது அரசியலமைப்பின் 13(1). அடித்தால் அது 11ஆம் உறுப்புரை மீறல். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடுவதற்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. அடி விழுந்திருந்தால் நீதவான் முன் நிறுத்தும்போதே தம்பி வாயைத் திறந்து சொல்லவேண்டும், சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி சட்டத்தரணி கேட்கவேண்டும். காயம் ஆறிய பிறகு சொல்வதற்குப் பெறுமதி குறைவு.

வாக்குமூலத்தில் கொழும்புத் தமிழருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாங்கள் தமிழில் சொல்ல, அவர்கள் சிங்களத்தில் எழுத, வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவது. தமிழில் பதியச் சொல்லிக் கேட்கலாம், தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கேட்கலாம், குறைந்தது தமிழில் விளங்கப்படுத்திய பிறகுதான் ஒப்பமிடுவேன் என்று சொல்லலாம். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு உங்கள் உரிமை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி அதை அரசே தரவேண்டும். வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வருபவர்கள்தான் பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று அழுகிறார்கள்.

பொலிஸில் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை வழக்கில் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. அது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. காவலில் இருக்கும்போது வேறொருவரிடம் சொன்னதும், நீதவான் நேரில் இல்லாவிட்டால், 26இன் கீழ் வெளியே. ஆனால் 27ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: "மெத்தைக்குக் கீழே வைத்திருக்கிறேன்" என்று சொல்லி, அங்கே காசு அகப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்பான வார்த்தைகள் மட்டும் உள்ளே வரும்.

நீங்கள் பயப்படவேண்டியது முதலாளி வாங்கிய அந்தக் கடிதத்துக்கு. அவர் பொலிஸ் அல்ல, ஆகவே 25ஆம் பிரிவு அதைத் தடுக்காது. "பொலிஸுக்குப் போகமாட்டேன், எழுதித் தா" என்று ஆசைகாட்டியோ, அறையில் பூட்டி வைத்து மிரட்டியோ வாங்கியிருந்தால் 24ஆம் பிரிவின் கீழ் எதிர்க்கலாம். அதற்குத் தம்பிக்கு அன்று நடந்தவை மணித்தியால வாரியாக நினைவில் இருக்கவேண்டும்: எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், யார் யார் இருந்தார்கள், தொலைபேசியை வாங்கி வைத்தார்களா, வாசகத்தை யார் சொல்லிக்கொடுத்தார். பிணையில் வந்த அன்றே அவனை இருத்தி எழுத வையுங்கள். அதைச் சட்டத்தரணிக்கு மட்டும் கொடுங்கள்.

கடையின் சிசிரிவிப் பதிவும் இதே அவசரம். அநேகமான கருவிகள் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியதைப் பதிந்துவிடும். பதிவு உங்கள் தம்பிக்குச் சாதகமாக இருக்கக்கூடும்: அதே லாச்சியை இன்னும் மூன்று பேர் திறப்பது அதில் தெரியலாம். அதைப் பாதுகாத்து வைக்கும்படி சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (எழுத்து விண்ணப்பம்) போட்டு நீதவானிடம் கட்டளை கேளுங்கள். எதிர்த்தரப்பு அதைச் சான்றாகக் கொண்டுவந்தால், 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் வழக்கு விளக்கத்துக்கு (விசாரணைக்கு) 45 நாட்களுக்கு முன் அறிவித்தல் தந்தார்களா என்று சட்டத்தரணி பார்க்கவேண்டும். இருப்புக் குறைவு, கணக்குக் குறைவு என்பவை மட்டும் திருட்டை நிரூபிக்காது. குறைந்தது எவ்வளவு என்பதோடு, குறைத்தது இவன்தான் என்பதும் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் வரவேண்டும். பலர் ஒரே கடவுச்சொல்லில் விற்பனை இயந்திரத்தைத் திறக்கும் கடைகளில் இந்த இரண்டாவது பாதி பலவீனமாக இருக்கும்.

பிணைக்கு வருவோம். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் அடிப்படை, பிணை கொடுப்பது விதி, மறுப்பது விலக்கு என்பது. ஆள் நீதிமன்றத்துக்கு வரமாட்டார், சாட்சிகளைக் குழப்புவார், வெளியே போய் இன்னொரு குற்றம் செய்வார் என்று நம்பக் காரணம் இருந்தால் மறுக்கலாம், மறுத்தால் காரணத்தை எழுதவேண்டும். முதல் நாளே போகும்போது கையில் இருக்கவேண்டியவை: சரீரப் பிணையாளிகள் (அவனுக்குப் பொறுப்பு நின்று கையெழுத்திடுபவர்கள்) இரண்டு பேர், அவர்களுடைய அடையாள அட்டை மூலப்பிரதியும் நிழற்பிரதியும், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், ரொக்கப் பிணை கேட்டால் கட்டக் கொஞ்சக் காசு. அநேகம் பேர் பிணை கிடைத்த பிறகும் ஒன்றிரண்டு நாள் உள்ளே இருப்பது கிராம உத்தியோகத்தரின் கடிதம் வராததால்தான். தம்பியின் நிரந்தர விலாசம் ஹட்டனிலோ வவுனியாவிலோ இருந்து, கொழும்பில் வாடகை அறையில் இருக்கிறான் என்றால், கொழும்பு விலாசத்துக்கும் ஆதாரம் தேடுங்கள். "ஓடிவிடுவான்" என்ற வாதம் எழுவதே அந்த இடத்தில். எந்த நீதிமன்றம் என்பதைப் பொலிஸ் நிலையத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். கோட்டை, மாளிகாகந்த, கல்கிசை என்று பொலிஸ் பிரிவைப் பொறுத்து மாறும். சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமான விபரத்தோடு போங்கள்.

காசைக் கட்டினால் விடுவார்களா? பொலிஸ் முறைப்பாட்டைப் பதிந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை போட்ட பிறகு, முதலாளி "எனக்குக் காசு வந்துவிட்டது" என்று சொன்னதும் வழக்கு தானாக மறைந்துவிடாது. வழக்குத் தொடுநர் அவர் அல்ல. ஆனாலும் காசு திரும்பியது தண்டனையில் பெரிய பாரத்தைக் குறைக்கும். ஆகவே கட்டுவதென்றால் முறையாகக் கட்டுங்கள்: சட்டத்தரணி மூலம், முடிந்தால் நீதிமன்றத்துக்குத் தெரிய, பற்றுச்சீட்டோடு, "குற்றத்தை ஏற்றுக்கொள்ளாமல்" என்ற வாசகத்தோடு. இரவோடிரவாகக் கடைக்குப் போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தால், காசும் போகும், "அவர்களே ஒப்புக்கொண்டு தந்தார்கள்" என்ற சாட்சியமும் வரும். முதலாளி சம்பளத்தையும் ஊழியர் சேமலாப நிதியையும் சேர்த்துப் பிடித்து வைப்பதாகச் சொன்னால், சேமலாப நிதியில் கைவைக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

காசை அவன் யாரிடமாவது கொடுத்திருந்தால் அந்த ஆளையும் யோசியுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் 394, 3 வருடம் வரை. திருட்டு நடந்து சிறிது காலத்துக்குள் பொருள் ஒருவரிடம் அகப்பட்டு, எப்படி வந்தது என்று அவரால் சொல்லமுடியாவிட்டால், அவரே திருடினார் அல்லது தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் (சான்றுக் கட்டளைச் சட்டம் 114, முதல் எடுத்துக்காட்டு). புறக்கோட்டையில் பற்றுச்சீட்டும் பெட்டியும் இல்லாமல் அரைவிலைக்குக் கைத்தொலைபேசி வாங்குகிறவர்கள் மாட்டுப்படுவதும் இந்த ஊகத்தில்தான்.

குற்றச்சாட்டு வாசிக்கப்படும் நாளில் "குற்றவாளியா, சுற்றவாளியா" என்று கேட்பார்கள். "ஒப்புக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று வராந்தாவில் யாராவது காதுக்குள் சொல்வார்கள். என் கருத்து உறுதியானது: குற்றப் பத்திரத்தின் பிரதியையும் சாட்சிகளின் வாக்குமூலங்களையும் சட்டத்தரணி வாசிக்கும்வரை எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒப்புக்கொண்டால் அது குற்றத்தீர்ப்பு. கைரேகைப் பதிவில் ஏறும், பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும் வெளிநாட்டு வேலைக்கு அதுவே முட்டுக்கட்டை. வாசித்துப் பார்த்ததில் சான்று பலமாக இருந்தால், அப்போது நேரத்தோடு ஒப்புக்கொள்வது நல்ல வழி. கடைசிச் சாட்சி வரை இழுத்துவிட்டு ஒப்புக்கொள்பவருக்கு அதே சலுகை கிடைப்பதில்லை.

அந்த இடத்தில் கேட்கவேண்டியது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 306ஆம் பிரிவு. குற்றச்சாட்டு நிரூபணமானாலும், ஆளின் வயது, நடத்தை, முன்வரலாறு, குற்றத்தின் சிறுமை, தணிக்கும் சூழ்நிலை ஆகியவற்றைப் பார்த்து, குற்றவாளியாகத் தீர்ப்பிடாமலே எச்சரித்தோ நிபந்தனை முறியில் (எழுத்து உறுதிமொழியில்) கையெழுத்திட வைத்தோ விடுவிக்க நீதவானுக்கு அதில் அதிகாரம் உண்டு. முன்குற்றம் இல்லாத 22 வயதுப் பையனுக்கு இதைவிடப் பெறுமதியான பிரிவு இல்லை. கேட்காவிட்டால் தானாக வராது. கைரேகைப் பதிவாளரின் முன்குற்ற அறிக்கை, காசு கட்டிய பற்றுச்சீட்டு, படித்த பாடசாலையின் கடிதம், குடும்பத்தில் அவன் உழைப்பை நம்பி இருப்பவர்களின் விபரம் எல்லாம் கோவையாக இருக்கவேண்டும். அது கிடைக்காவிட்டால் 303இன் கீழ் ஒத்திவைத்த சிறைத்தண்டனை: 2 வருடத்துக்கு மேற்படாத சிறைக்குத்தான் அது, ஒத்திவைத்த காலத்துக்குள் இன்னொரு குற்றம் செய்தால் பழைய தண்டனையும் உயிர்பெறும். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையும் (சிறைக்குப் பதிலாக வெளியே இருந்து சமூக சேவை செய்வது) கேட்கலாம். இவை இரண்டும் வெறும் தண்டத்தை விட நல்லவையா என்பது தம்பியின் வெளிநாட்டுத் திட்டத்தைப் பொறுத்தது. ஒத்திவைத்ததும் குற்றத்தீர்ப்புத்தான் என்பதை மறக்க வேண்டாம்.

தீர்ப்பு பிழை என்று பட்டால் மேன்முறையீட்டுக்கு 14 நாட்கள். நீதவான் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும், மனுவை அதே நீதவான் நீதிமன்றப் பதிவாளரிடம் கொடுக்கவேண்டும். தீர்ப்பு வந்த அன்றே வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பம் போடுங்கள், மேன்முறையீடு முடியும்வரை பிணையும் அன்றே கேளுங்கள்.